முதுமை யாருடையது?

இளம் வயதினருக்கு ஓய்வுக்காலச் சேமிப்பில் ஏன் நாட்டமில்லை என்று கேட்டால், நிதி அறிவு போதாது, பொறுப்பு போதாது என்று பதில் வரும். ஓரிக்கையின் தறி வீடுகளிலிருந்து படிக்க வரும் பெண்களைப் பார்க்கையில் இந்தப் பதிலை என்னால் ஏற்க முடிவதில்லை. பகுதிநேர வேலையின் சொற்பச் சம்பளத்தில் தம்பியின் கட்டணம், அம்மாவின் மருந்து, நகைச் சீட்டு என எல்லாவற்றுக்கும் அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அறுபது வயதில் தாங்கள் எப்படி வாழ்வோம் என்பது மட்டும் இல்லை.

இது வீட்டில் கற்ற பாடம். காஞ்சிபுரத்தின் மரபான கோர்வைச் சேலையைத் தனியாளாக நெய்ய முடியாது. கரையின் நாடாவை ஓட்ட இன்னொருவர் தறியில் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணோ பிள்ளையோதான். தார் சுற்றுவதும் பெண்களே. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று நெசவாளர் பெயரில் வருகிறது. தன் பெயரில் கூலியே இல்லாதவளுக்கு ஓய்வூதியம் ஏது? அவளுடைய முதுமைக்கு மகன்தான் திட்டம்.

2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் பெறலாம். 40 வயதில் சேர்ந்தால் அதே தொகைக்கு மாதம் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். ஆகவே சீக்கிரம் தொடங்குவது நல்லதுதான். ஆனால், 42 ஆண்டுகள் கழித்து 5,000 ரூபாய்க்கு என்ன வாங்க முடியும் என்று ஒரு பெண் கேட்டால் அது அறியாமை அல்ல. விலைவாசியோடு அந்தத் தொகை உயரப்போவதில்லை. மாதாமாதம் பணம் பிடிக்கப்படும் வங்கிக் கணக்கை உண்மையில் யார் கையாள்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

தனக்கென்று சேர்ப்பது சுயநலம் என்று நம் பெண்களுக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. மகன் பார்த்துக்கொள்வான் என்கிறோம். கஞ்சி வைத்துக் கொடுப்பதும் துணி துவைப்பதும் மருமகள். சேமிப்பில்லாத ஒரு பெண்ணின் முதுமை இன்னொரு பெண்ணின் கூலியில்லா உழைப்பின்மேல் ஏறி உட்காருகிறது. தனக்கென்று சேர்ப்பவள் அந்தப் பாரத்தில் கொஞ்சமாவது குறைக்கிறாள். இதைச் சுயநலம் என்று எப்படிச் சொல்வது?

இருந்தாலும் சேமி என்று அவளிடம் மட்டும் உபதேசித்தால் போதாது. தனக்கென்று ஒரு கூலி இருந்தால்தான் தனக்கென்று ஒரு முதுமையை யோசிக்க முடியும். கரை நாடாவை ஓட்டியவளின் பெயரும் கூலிக் கணக்கில் ஏறட்டும். அதைப் பார்த்து வளரும் மகளிடம் 210 ரூபாய் பற்றிப் பேசினால் அவள் காதில் விழும்.