ஒன்றுபோல இருப்பவை

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி போயிருந்தபோது, வீட்டுக் கணினியில் கிடந்த படங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். 14,000 கோப்புகள். 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'அப்பா போன்' என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகள்.

என் தொழிலில் இது சின்ன வேலை. ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் கணக்கிட வேண்டியது. ஒரே ஹாஷ் வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். எந்த வேறுபாடும் இல்லாத இரண்டு பொருள்கள் இரண்டல்ல, ஒன்றே என்றார் லைப்னிஸ். அவரை நம்பி அழித்ததில் எனக்கு உறுத்தல் இல்லை.

சிக்கல் 'ஏறக்குறைய ஒன்று'களில்தான். அப்பா அக்கினிச்சட்டி ஏந்தி கௌமாரியம்மன் கோயிலுக்கு வரும் படம், அடுத்தடுத்து எடுத்தது, 12 இருந்தது. தெளிவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற 11-ஐ அழிக்கப் போனேன். பின்னால் நின்ற அம்மா, "இருப்பா, அந்த மங்கலா இருக்கறதக் காட்டு" என்றார். கம்பத்துக்கு ஊற்ற முல்லையாற்றுத் தண்ணீர்க் குடத்தோடு ஓரத்தில் ஒரு பாதி முகம். "உங்க பெரியத்த. அவுகளுக்கு வேற போட்டாவே கெடையாதுப்பா."

எனக்கு அத்தையை அடையாளம் தெரியவில்லை. அதனால்தான் 12 படங்களும் ஒன்றாகத் தெரிந்தன. 'ஒன்றுபோல இருக்கிறது' என்று நான் சொன்னது படத்தைப் பற்றியே அல்ல, என் அறியாமையைப் பற்றி. அழிக்கும் அதிகாரமோ என் கையில் இருந்தது.

அப்படியென்றால் எதையுமே அழிக்கக் கூடாதா? அதுவும் ஒருவகைத் தப்பித்தல்தான். இத்தனை வருசம் அத்தை பத்திரமாக அந்த வட்டில் இருந்தார், ஒருவரும் பார்க்கவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டலாக்கிக் காத்தது. பெரிய பணி. ஆனாலும் படத்தின் பின்பக்கம் யாரும் எழுதாமல் விட்ட பெயரை எந்த ஸ்கேனரும் மீட்டுத் தராது. இன்றைய கோப்புகளும் அப்படித்தான். நாள், நேரம், கேமரா எல்லாம் எக்ஸிஃப் தகவலாகத் தானே பதிந்துவிடுகிறது. நிற்பது யார் என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும்.

மீதி விடுமுறையில் எதையும் அழிக்கவில்லை. அம்மா சொல்லச் சொல்லக் கோப்புகளுக்குப் பெயரிட்டேன். 300-ஐத் தாண்டவில்லை. அம்மாவுக்கு 71 வயது. மீதியை எந்த வரிசையில் கேட்பது? தேதி வரிசையிலா, அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த முகங்களிலிருந்தா?