நாமா, நாங்களா?

ஒத்த கருத்துடையவர்களோடு நெடுநாள் பழகுவதில் ஒரு சுகம் உண்டு. நாம் தொடங்கிய வாக்கியத்தை அடுத்தவர் முடித்துவைப்பார். நாம் போற்றுவோரை அவரும் போற்றுவார். நாம் வெறுப்பதை அவரும் வெறுப்பார். நாளடைவில் ஊரும் உலகமும் நம்மைப் போலவே எண்ணத் தொடங்கிவிட்டன என்னும் மயக்கம் நமக்குள் குடியேறிவிடுகிறது. அந்த மயக்கம் கலைந்த ஒரு நாளைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அன்று எங்களை நாங்களே கேட்டுக்கொண்ட சில கேள்விகளை வாசகர் முன்னும் வைக்க விரும்புகிறோம்.

எங்கள் வாசகர் வட்டத்தில் பதினைந்து பேர் இருக்கிறோம். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை, பங்கு மன்றத்தில் கூடுவோம். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற அஞ்சல்துறை அலுவலர் எனப் பலதரப்பட்டவர்கள். லாகூரில் ஆற்றவிருந்த உரை தடைப்பட்டுப்போனதால் அம்பேத்கர் 1936இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் நூலை நான்கு கூட்டங்களில் வாசித்து விவாதித்திருக்கிறோம். கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டது 1968ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் இரவில் என்பதால், டிசம்பர்க் கூட்டத்தை அவர்களுக்கான மௌனத்தோடுதான் தொடங்குவோம். சாதியைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழுந்ததே இல்லை. எங்களை ஏமாற்றியது அந்த ஒற்றுமைதான் என்று இப்போது தோன்றுகிறது.

வட்டத்தின் இளைய உறுப்பினர் ஒருவர் தம் சொந்த ஊரில் புதுவீடு கட்டினார். பங்குத்தந்தை வீட்டை மந்திரிக்கும் நாளில் எங்கள் அனைவரையும் அழைத்திருந்தார். ஒன்பது பேர் ஒரு வேனில் சென்றோம். நண்பரின் தந்தையார் எழுபது வயதைக் கடந்தவர், முதியவர். எங்கள் ஒவ்வொருவர் கையையும் பற்றி வரவேற்றார். பந்தியில் எங்களை உட்காரவைத்து, தாமே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து குழம்பு ஊற்றினார். 'வெயில்ல அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க' என்று இலைதோறும் நின்று உபசரித்தார். அவருடைய அன்பில் பாசாங்கு ஏதுமில்லை. இன்றும் அதில் எங்களுக்கு ஐயமில்லை.

பேச்சு வீட்டைப் பற்றித் திரும்பியது. இடம் நன்றாக அமைந்திருக்கிறது என்று எங்களுள் ஒருவர் பாராட்டினார். பெரியவர் மகிழ்ந்துபோய்ச் சொன்னார்: 'ஆமாங்க தம்பி. சுத்தி எல்லாம் நம்ம ஆளுங்கதான். காலனி ரோட்டுக்கு அந்தப் பக்கத்தோட நின்னுபோச்சு. அதனால ஒரு தொந்தரவும் இல்ல. நிம்மதியா இருக்கலாம்.'

அவர் குரலில் வெறுப்பு இல்லை. கிணற்றில் தண்ணீர் நன்றாக ஊறுகிறது என்று சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார். ஒன்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் இலையைப் பார்த்தார். ஒருவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். இருவர் தலையசைத்தோம். ஆம், தலையசைத்தோம். மறுகணம் பாயசம் வந்தது.

திரும்பும் வழியில், வேன் நெடுஞ்சாலையை அடைந்ததும் எங்கள் வாய்கள் திறந்துகொண்டன. 'இந்தக் காலத்திலும் இப்படியா!' என்று வியந்தோம். பெரியவரின் பேச்சை ஒருவர் அவருடைய குரலிலேயே பேசிக் காட்ட, மற்றவர்கள் சிரித்தோம். ஊர் வந்து சேர்வதற்குள், நாங்கள் எவ்வளவு முற்போக்கானவர்கள் என்பது எங்களுக்கே மீண்டும் ஒருமுறை உறுதிப்பட்டுவிட்டது.

அடுத்த கூட்டத்தில் இந்த நிகழ்ச்சியைச் சற்று ஆவேசத்தோடு விவரித்தோம். வீட்டுக்கார நண்பர் அன்று வரவில்லை. ஆசிரியராகப் பணியாற்றும் மற்றொரு நண்பர் வந்திருந்தார். அவர் தலித் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்த விழாவுக்கு அவருக்கும் அழைப்பு இருந்தது. வேலையிருப்பதாகச் சொல்லி வராமல் இருந்துவிட்டார். நாங்கள் சொல்லி முடிக்கும்வரை அமைதியாகக் கேட்டிருந்தவர், முகத்தில் வியப்பின் சாயல்கூட இல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?'

எங்களிடம் விடையில்லை. அன்று அவருக்கு வேலை எதுவும் இருந்திருக்காது என்பதும் அந்தக் கணத்தில்தான் எங்களுக்குப் புரிந்தது.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். இலக்கணம் இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று வழங்கும். உலகில் எல்லா மொழிகளுக்கும் வாய்க்காத நுட்பம் இது. பெரியவர் 'எங்க ஆளுங்க' என்று சொல்லவில்லை; 'நம்ம ஆளுங்க' என்றார். அந்த ஒரு சொல்லால் எங்களை அன்போடு கைப்பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு, அதே சொல்லால் சாலைக்கு அப்பால் வாழ்வோரை வெளியே நிறுத்தினார். நாங்கள் மறுக்கவில்லை. ஆகவே, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டோம் என்றுதான் பொருள்.

எங்கள் மௌனத்துக்கு நாங்கள் கற்பித்துக்கொண்ட காரணங்கள் மூன்று. முதலாவது, உண்ட வீட்டில் எதிர்ப்பேச்சுப் பேசலாகாது என்பது. விருந்தோம்பல் நம் மரபில் பேரறம்தான். ஆயின் விருந்தினரின் கடமை, விருந்தளித்தவர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பது ஆகுமா? அன்றைய பந்தியில் உட்கார இடமில்லாத ஒருவர், அங்கு வந்தால் என்ன கேட்க நேரிடும் என்பதை அறிந்து, எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். அவருக்கு நாங்கள் பட்ட நட்புக் கடன், சோற்றுக் கடனைவிடச் சிறியதா?

இரண்டாவது, வயதில் மூத்தவரை வருத்தலாகாது என்பது. இதுவும் நல்ல பண்பே. ஆனால் அவர் அங்கிருந்து அகன்றதும் அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்தவர்கள் நாங்கள். மூத்தவரை மதித்தோம் என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. அவரிடம் நேரில் மறுத்துப் பேசியிருந்தால், அவரைப் பதில் சொல்லத்தக்க மனிதராக மதித்திருப்போம்.

மூன்றாவது, 'அவர் இனி மாறப்போவதில்லை' என்பது. ஒரு மனிதரைக் குறித்து இதைவிட இரக்கமற்ற தீர்ப்பு வேறு உண்டோ? ஒரு கூட்டத்தாரை அவர்கள் பிறந்த இடம் கொண்டு அளந்து ஒதுக்கினார் அவர். அவரை அவர் பிறந்த காலம் கொண்டு அளந்து ஒதுக்கினோம் நாங்கள்.

நற்செய்தியில் நத்தனியேலை நினைத்துப் பார்க்கலாம். நாசரேத்து ஊரிலிருந்து நல்லது எதுவும் வருமா என்று அவர் பேச்சுவாக்கில் கேட்டுவிடுகிறார். ஓர் ஊரையே ஒரு வாக்கியத்தில் தள்ளிவிடும் சொல் அது. அதே நத்தனியேலைத்தான் ஆண்டவர் கபடமற்ற மனிதர் என்று குறிப்பிடுகிறார். கபடமில்லாத நெஞ்சிலும் முற்சாய்வு குடியிருக்கக்கூடும் என்று இதிலிருந்து அறிகிறோம். அவரோடு பேசிக்கொண்டிருந்த பிலிப்பு கோபித்துக்கொண்டு விலகவில்லை. தலையசைத்து ஒத்துப்போகவும் இல்லை. வந்து பார்க்கும்படி அழைத்தார். நாங்கள் செய்யத் தவறியது இவ்வளவே.

நாங்கள் ஏன் வியந்தோம் என்பதும் ஆராயத்தக்கது. வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டின் பயனாகப் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் தமிழகத்தில் பெரிதும் மறைந்தது. பெருமைப்படத்தக்க மாற்றம் இது. ஆனால் பெயரிலிருந்து இறங்கிய சாதி, 'உங்களுக்கு எந்தப் பக்கம்?', 'அங்கே எந்தத் தெரு?' என்னும் கேள்விகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. 2011-12இல் நாடு தழுவிய அளவில் நடத்தப்பட்ட மனித மேம்பாட்டு ஆய்வொன்றில், ஏறத்தாழ 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் தம் வீட்டில் ஏதேனும் ஒரு வடிவில் தீண்டாமை கடைப்பிடிக்கப்படுவதைத் தாமே ஒப்புக்கொண்டன. நான்கு வீடுகளுக்கு ஒரு வீடு. நாங்கள் பதினைந்து பேரும் வெவ்வேறு தெருக்களில்தான் குடியிருக்கிறோம். அந்த நான்காவது வீடு எங்கள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? பார்க்காமல் இருக்கும் வசதி எங்களுக்கு இருந்தது. ஆசிரிய நண்பருக்கு அது இல்லை.

சட்டங்கள் நம்மிடம் உண்டு. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் ஒரு சட்டமும் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. இவற்றின் தேவையை ஒருபோதும் குறைத்துப் பேசலாகாது. ஆயினும் பந்தியில், யாருடைய பெயரையும் சொல்லாமல், சிரித்த முகத்தோடு விழும் ஒரு சொல் எந்த வழக்கேட்டிலும் ஏறுவதில்லை. அதைக் கேட்டவர்கள்தான் அதற்குச் சாட்சிகள், தடுக்கக்கூடியவர்களும் அவர்களே.

ஒரு சொல்தானே என்று சிலர் எண்ணலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குக்கூடத் தடை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தச் சிறுவர்கள் சாதியை எந்தப் பாடநூலில் கற்றிருப்பார்கள்? பெரியவர்கள் பேச, சிறியவர்கள் பரிமாறிக்கொண்டிருக்கும் பந்திகள்தாம் அவர்களுடைய பள்ளிக்கூடம். எங்கள் இலைகளுக்கு அப்பளம் வைத்துக்கொண்டு வந்தவன் பெரியவரின் பேரன்; பதினான்கு வயதிருக்கும். தாத்தா சொன்னதை அவன் கேட்டான். பட்டணத்திலிருந்து வந்த ஒன்பது படித்தவர்கள் அதை மறுக்காததையும் பார்த்தான்.

திருச்சபையும் இதற்கு விலக்கன்று. கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர், தேர் எந்தத் தெருவரை போகலாம் என்னும் வழக்கு ஆகியவற்றை நாம் அறியாதவர்கள் அல்லோம். 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்றிருந்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதி வேற்றுமைகளைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அந்த ஆவணம் எங்கள் பங்கு மன்ற அலமாரிவரை வந்துவிட்டது. அங்கிருந்து அதைப் பந்தியிலையின் பக்கம் கொண்டுபோயிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இரண்டு மாதங்கள் சென்றபின், எங்களுள் இருவர் வீட்டுக்கார நண்பரை அழைத்துக்கொண்டு மீண்டும் அந்த ஊருக்குப் போனோம். 'அப்பாவிடம் நான் இதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை' என்று வழியில் அவர் சொன்னார். எங்களுள் எத்தனை பேர் தம் வீட்டில் பேசியிருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டோம். கணக்கு மிகச் சிறியதாக இருந்தது.

காப்பி அருந்திய பின் எங்களுள் ஒருவர் மெல்லத் தொடங்கினார். 'ஐயா, அன்னைக்கு நீங்க "நம்ம ஆளுங்க"ன்னு சொன்னீங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களையும் சேர்த்துத்தான் நாங்க நம்ம ஆளுங்கன்னு நினைக்கிறோம். எங்களோட நெருங்கிய நண்பர் ஒருத்தர், அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் அன்னைக்கு வரல. அன்னைக்கே இதைச் சொல்லாம போனது எங்க தப்பு.'

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 'நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே' என்றார். பின்னர், எங்கள் முகத்தை உற்றுப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: 'அப்போ தம்பி, நீங்க எந்த ஆளுங்க?'

பேசிய நண்பரின் நாவில் அவருடைய சாதியின் பெயர் அந்தக் கணத்தில் வந்து நின்றது. தவறாக நினைத்துவிடாதீர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் அல்லேன் என்று தெளிவுபடுத்திவிட வேண்டும் என்னும் பதைப்பு அவருக்குள் எழுந்தது. திரும்பும் வழியில் அவரே அதை எங்களிடம் ஒப்புக்கொண்டார். அத்தனை நூல்களுக்கும் அத்தனை கூட்டங்களுக்கும் பிறகு, அந்த ஒரு கேள்வியில் உள்ளே உறங்கிக்கிடந்தது விழித்துக்கொண்டது. பெரியவரின் வீட்டில் மட்டும் இருப்பதாக நாங்கள் எண்ணிய நோய் அது. நல்லவேளையாக அவர் அதை விழுங்கிக்கொண்டு, 'அதைச் சொல்லாமலே இருக்கேன் ஐயா' என்று மட்டும் சொன்னார்.

பெரியவர் மனம் மாறினார் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வழக்கம்போல் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதைப் பற்றி மேற்கொண்டு ஒரு சொல்லும் பேசவில்லை. பேரன் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் நடந்ததைச் சொன்னோம், நாவில் வந்து நின்ற அந்தப் பெயர் உட்பட. ஆசிரிய நண்பர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, 'அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன்' என்றார்.