ஆணி அடிக்காத சுவர்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். முதலில் நம்மைப் பற்றித்தான் பேச்சு. எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, அசைவம் உண்டா, ஊரிலிருந்து ஆட்கள் அடிக்கடி வந்து தங்குவார்களா? இத்தனையிலும் தேறிய பிறகுதான் சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா என்று நாம் எட்டிப் பார்க்கலாம். தி. நகரில், உஸ்மான் சாலைக்கு நடந்து போகிற தூரத்தில், எண்பதுகளில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பல வருடங்களாக வாடகைக்கு இருக்கிறேன். அந்தத் தேர்வில் தேறியவன்தான். சாவி கைக்கு வந்ததும் தரகர் சொன்ன முதல் வாக்கியம்: "சார், சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீங்க."

ஆணி சின்ன விஷயம்தான். ஆனால் ஆணி அடிக்காத வீட்டில் அப்பாவின் படம் ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நிற்கிறது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. புத்தக அலமாரி வாங்கலாம் என்று தோன்றும்போதே, அடுத்து போகிற வீட்டில் இதற்கு இடம் இருக்குமோ என்னவோ என்று கை பின்வாங்குகிறது. மாற்றி வரும்போது கட்டிய பெட்டிகளில் இரண்டு மூன்று பிரிக்கப்படாமலே பரணில் கிடக்கின்றன. எதைக் கேட்டாலும் வீட்டில் ஒரே பதில்: "வாடகை வீடுதானே." இதை வீட்டுக்காரர் சொல்வதில்லை. நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம். கூடத்துக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்பதில் தொடங்கி, பக்கத்து வீட்டாரோடு எவ்வளவு பழகுவது என்பதுவரை அது போய் நிற்கிறது.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி, ஒப்பந்தத்தின் வடிவத்திலிருந்தே வருகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் ஊர் முழுக்கப் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டுப் பழகியது. பத்து வருடம் ஒரே வீட்டில் இருப்பவரும் தாளின்படி பதினோரு பதினோரு மாதங்களாகத்தான் இருக்கிறார். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் "இந்த வருஷம் எவ்வளவு ஏத்துவாங்க?" என்ற கேள்வியோடு, "இருக்கச் சொல்வாங்களா?" என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நடப்பில் இருந்தது. நியாய வாடகை வழக்கு, காலி செய்யச் சொல்லும் வழக்கு என்று ஆண்டுக்கணக்கில் கோர்ட் படியேறிய குடும்பங்களைப் பற்றி இந்தப் பகுதியில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொந்த வீட்டுக்குள் போவதற்கே வக்கீலைப் பார்க்க வேண்டியிருந்தவர்களின் பிள்ளைகள், குடிவருபவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. நேர்காணல் கேள்விகளும் ஆணித் தடையும் கொஞ்சம் அந்தப் பயத்தின் மிச்சம்தான்.

அந்தச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகை என்பது பொது விதி. முன்கூட்டி எழுத்தில் சொல்லாமல் வீட்டுக்காரர் உள்ளே வரக் கூடாது. வாடகைத் தகராறுக்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு, வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு என்று பட்டியலே போட்டுவிட்டது. ஊர் வழக்கமோ இன்னும் தன் போக்கில் போகிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது எழுதப்படாத நியதி. அப்படியும் ஆணி அடிக்கக் கூடாதாம். அந்த ஓட்டையை அடைக்கத்தானே அந்தப் பணம்!

ஆனால் குடியிருப்பவருக்கு உண்மையில் இல்லாதது சுவரில் ஓர் ஓட்டை போடும் உரிமை அன்று. கட்டடத்தின் முடிவுகளில் ஒரு வார்த்தை சொல்லும் உரிமைதான். இது எனக்குத் தெளிவானது 2019 கோடையில். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டுபோன கோடை அது. எங்கள் கட்டடத்தில் போர் கிணறு காற்றை மட்டும் இழுத்தது. காலையில் எத்தனை மணிக்கு மோட்டார் போடுவது, தனியார் லாரித் தண்ணீருக்கு வீட்டுக்கு எவ்வளவு வசூலிப்பது என்று முடிவெடுக்க அசோசியேஷன் கூடியது. நானும் போனேன். செயலாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், நீங்க டெனன்ட்தானே? உங்க ஓனரை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க." என் ஓனர் அம்மையார் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். அங்கே குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மாடியில் இன்னொரு வீட்டின் உரிமையாளர் அமெரிக்காவில். ஆக, தண்ணீர் எப்போது வர வேண்டும் என்பதில் ஓட்டு உள்ளவர்களில் பலர் அந்தத் தண்ணீரில் குளிக்காதவர்கள். விடியற்காலையில் லாரிக்காரரோடு பேரம் பேசி, குழாயைத் தொட்டிக்குள் விட்டு நின்றவர்கள் பெரும்பாலும் குடித்தனக்காரர்கள்.

இந்தத் தெருவில் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. முதலமைச்சர் யார் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்று சொல்ல இல்லை.

சரி, உரிமையாளர்களிடம் இருப்பதுதான் என்ன? அவர்கள் பத்திரத்தில் யு.டி.எஸ். என்று ஒன்று எழுதியிருக்கும். நிலத்தில் பிரிபடாத பங்கு. மனையின் மொத்தப் பரப்பில் இத்தனை சதுர அடி அவர்களுடையது. எந்த இத்தனை சதுர அடி என்று கீழே இறங்கி யாராலும் காட்ட முடியாது. வாசற்படிக்கு அடியில் இருப்பதும் எல்லோருடையது, குப்பைத்தொட்டிக்கு அடியில் இருப்பதும் எல்லோருடையது. அதுவும் நிலையானதன்று. தி. நகரில் அந்தக் காலத்துக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டுப் புதிதாக உயர்கின்றன. 2024இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். எங்கள் கட்டடத்திலும் பில்டர்கள் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். தரைத்தளத்தில் நாற்பது வருடமாக இருக்கும் பெரியவர் ஒருவர் எனக்கு வேண்டாம் என்கிறார். மற்றவர்கள் கை தூக்கிவிட்டால் அவரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவருக்கு இழப்பீடு உண்டு, புது வீடு உண்டு, எனக்கு இல்லை. அந்த வேறுபாடு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் 'நிலையாக' என்ற ஒன்று அவரிடமும் இல்லை.

இதிலிருந்து எனக்கு இரண்டு விஷயங்கள் தோன்றுகின்றன. முதலாவது, நிலம், விற்பனை, இடிப்பு பற்றிய முடிவு உரிமையாளருடையதாக இருக்கட்டும். தண்ணீர், லிஃப்ட், குப்பை, காவலாளி சம்பளம் பற்றிய பேச்சில் அங்கே வசிப்பவருக்கு இடம் வேண்டும். பராமரிப்புத் தொகையை மாதாமாதம் கட்டுபவரும் பெரும்பாலும் அவர்தானே. இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. கூட்டம் நடக்கும் இடத்தில் நாலு நாற்காலி கூடப் போட்டால் போதும்.

இரண்டாவது, எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ள வேண்டியது. போன வருடம் ஓனர் அம்மையாருக்கு போன் செய்து, சுவரில் அலமாரி மாட்டிக்கொள்ளவா என்று கேட்டேன். "தாராளமா மாட்டுங்க சார். போகும்போது பட்டி வச்சு அடைச்சுக் குடுத்துருங்க, அவ்வளவுதான்" என்றார். இத்தனை வருடம் அவர் பெயரால் நடந்த தடையில் பாதி தரகருடையது, மீதி எங்களுடையது.

சொந்த வீடு வந்ததும் செய்துகொள்ளலாம் என்று ஒத்திவைப்பதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. வாடகை கொடுப்பது வீட்டுக்கு. அந்த மாதம் நம்முடையது. பிள்ளை பள்ளிக்குப் போனதும், அம்மா கூடத்தில் உட்கார்ந்து பூ கட்டியதும், மாடி வீட்டுக்காரர்கள் கேரம் ஆட வந்ததும் அந்தப் பதினோரு மாதங்களுக்குள்தான் நடந்தன. காலி செய்யும் நாளில், பெயின்டிங் போக மீதி அட்வான்ஸ் எப்படியாவது கைக்கு வந்துவிடும். தள்ளிப்போட்ட மாதங்களைத் திருப்பிக் கொடுக்க எந்த வீட்டுக்காரராலும் ஆகாது.