பரிமாறுதல்

ஷார்ஜாவில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறேன். இங்கே அகதி என்று எவரும் இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் அமீரகம் ஒப்பமிடவில்லை. ஆகவே நான் விசாவில் ஒரு தொழிலாளி மட்டுமே. நான் போகும் தமிழ்ச் சபையில் இளைஞர் குழுவுக்கு ஒத்தாசை செய்யக் கேட்டார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யப் பழக்க வேண்டுமாம். கோப்பை கழுவுகிறவனுக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

எங்கள் சபைக்கு வரும் கட்டடத் தொழிலாளர் சிலர் துபாய் சோனாப்பூரில் தங்கியிருக்கிறார்கள். பெயருக்கு ஹிந்தியில் பொன்னூர் என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுப் பார்சல்களோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர்களிடம் போனோம். பிள்ளைகள் நன்றாகவே நடந்துகொண்டார்கள். படம் எடுக்கவில்லை. பெயர் கேட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார்கள். பிறகு இராமநாதபுரத்துப் பெரியவர் ஒருவர் கிளாஸ்களைக் கழுவி, தேத்தண்ணி ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "வேணாம் அங்கிள், உங்களுக்கு ஏன் சிரமம்" என்றான் முதற் பையன். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். நானும் எடுக்கவில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் தட்டோடு நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு முழுக்க அந்தத் தட்டுத்தான் என் கண்ணுக்குள் நின்றது. 2022இல் வார விடுமுறை மாறியபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சனியும் ஞாயிறும் ஓய்வாயின. தொழிலாளருக்குச் சட்டம் உறுதிசெய்வது கிழமைக்குக் குறைந்தது ஒரு நாள். அந்த ஒரு நாளில்தான் அவர் எங்களுக்காக அடுப்பு மூட்டினார். அப்படியானால் அன்று கூடக் கொடுத்தவர் யார்?

நானும் வாங்கிச் சாப்பிட்டவன். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டதோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என் படிப்பு நின்றது. 2009இல் செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில் கோப்பையோடு வரிசையில் நின்றேன். கொடுத்தவர்களின் மனம் எப்படியிருந்ததென்று நான் ஆராயவில்லை. பசித்தவனுக்குச் சோறு சோறுதான். ஆனால் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "தம்பி, இந்த அகப்பையைப் பிடியும், என்ர கை விட்டுப்போச்சு" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் யாருக்கோ நான் தேவைப்பட்டேன். மற்றவர்களின் முகங்கள் மறந்துபோயின. அவருடைய முகம் இன்னும் நினைவிருக்கிறது.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். தொண்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இதைத்தான் சொல்லுவார்கள். ஆனால் அங்கே தடை சொல்பவன் பேதுரு. அவனுக்குக் கழுவுவது பிரச்சினையல்ல. தன் காலை நீட்டுவதுதான் பிரச்சினை. மறுத்தால் தன்னோடு அவனுக்குப் பங்கில்லை என்கிறார் இயேசு. முதலில் வாங்கிக்கொள், கொடுப்பது அதன் பிறகு.

அடுத்த வகுப்பில் பிள்ளைகளிடம், காலையிலிருந்து உங்களுக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுதச் சொன்னேன். அம்மா, அப்பா, வாகனச் சாரதி வந்தார்கள். வீட்டில் வேலைக்கு நிற்கும் பெண்ணை அநேகமானோர் எழுதவில்லை. "அவங்களுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறோமே அங்கிள்" என்றாள் ஒரு பிள்ளை. பிழையான பேச்சல்ல. எனக்கும் சம்பளம் தருகிறார்கள். ஆனால் சபையில் ஊழியம் என்றால் தலை குனிகிற நாங்கள், ஊழியர் என்றால் தலை நிமிர்த்துகிறோம். சொல் ஒன்றுதான். சம்பளம் கொடுத்தாயிற்று என்பதற்காக, செய்த கையைக் காணாமல் விட முடியுமா? வீட்டில் அந்தக் கையைக் காணாத பிள்ளைக்குச் சோனாப்பூரில் தெரிவது பார்சல் வாங்கும் கை மட்டும்தான்.

உணவிடுவதைத் தமிழில் பரிமாறுதல் என்கிறோம். கைமாறுவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். ஒரு பக்கம் மட்டும் போவதை வழங்குதல் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் போனோம். பார்சல் கொண்டுபோகவில்லை, சேர்ந்து சமைத்தோம். இதனால் பெரியவரின் சம்பளம் ஒரு திர்ஹாம்கூடக் கூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேத்தண்ணி வந்தது. சீனி அதிகம். எல்லோரும் குடித்தார்கள். முன்பு வேண்டாமென்ற பையன் கிளாஸ்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனான். விருந்தாளி கழுவக்கூடாது என்று பெரியவர் பறித்துக்கொண்டார்.