தூக்கிச் சாத்து

எங்கள் பிக்கப் வண்டியில் டிரைவர் பக்கக் கதவைச் சாத்துவதற்கு ஒரு முறை உண்டு. கைப்பிடியைப் பிடித்து அரை அங்குலம் மேலே தூக்கி, தூக்கிய நிலையிலேயே அடித்துச் சாத்த வேண்டும். தூக்காமல் சாத்தினால் கதவிலிருக்கும் பூட்டு, தூணில் இருக்கும் கொக்கிக்குக் கீழே போய் இடித்துத் திரும்பி வரும். வண்டியை இரவல் கேட்டு வருபவர்களுக்கு அப்பா சாவியோடு சேர்த்து இதையும் கொடுப்பார்: "டோரை மட்டும் தூக்கிச் சாத்துங்க."

ஐந்து வருஷமாக இப்படித்தான். எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட. வெளியாட்கள் இரண்டு மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு முழிக்கும்போது, நான் போய் ஒரே தூக்கில் சாத்திவிட்டு வருவேன்.

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிப் போகிற வண்டி. அதற்கு முன்னால் கொஞ்சம் டிங்கர் வேலை, பெயிண்ட் வேலை எப்போதும் இருக்கும். இந்தமுறை பட்டறைக்கு நான் ஓட்டிப் போனேன். கதவைப் பார்த்ததும் அங்கிருந்த பையன், "கொக்கியக் கீழ எறக்கிடலாங்ணா, அஞ்சு நிமிச வேலை" என்றான். கொக்கியைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, கதவு தொங்குகிற அளவுக்குக் கொக்கியை இறக்கி முடுக்கிவிட்டால் கதவு வெண்ணெய் மாதிரி சாத்தும். எஃப்.சி.க்கு அது போதும். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

பட்டறைக்காரர் டீ கிளாஸோடு வந்தார். அறுபது வயதிருக்கும். கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். கதவை ஒரு சாண் திறந்து, ஓரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். "கதவைப் பாக்காத கண்ணு, கீலைப் பாரு."

பார்த்தேன். மேல் கீலின் பின் அதன் துளைக்குள் ஆடியது. ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம். கீலுக்குக் கீல் ஒன்றேகால் அடி, கதவின் நீளம் மூன்றடிக்கு மேல். இங்கே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் அங்கே பூட்டு முனையில் இரண்டரை மில்லிமீட்டர் இறங்கும். இரண்டு கீலும் தேய்ந்தால் இன்னும் இறங்கும். அடி வாங்குவது ஒரு முனை, அடிக்கான காரணம் இன்னொரு முனை.

"யாரு ஓட்டறது?"

"அப்பாங்க."

"முட்டி வலியா அவருக்கு?"

எனக்குப் புரியவில்லை. அவர் கதவின் உள்பக்கத்தைக் காட்டினார். கண்ணாடிக்குக் கீழே ஓர் உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் தேய்ந்து பளபளவென்று இருந்தது. "எறங்கறப்ப மொத்த பாரத்தையும் கதவு மேல போட்டுத்தான் எறங்கறாரு. கதவு என்ன பண்ணும்?"

நான் அந்தக் கதவை ஆயிரம் தடவையாவது தூக்கிச் சாத்தியிருப்பேன். அது ஏன் தொங்குகிறது என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

சுத்தியல் ஒழுங்காக வேலை செய்யும்வரை நாம் அதைக் கவனிப்பதில்லை, அது உடையும்போதுதான் ஒரு பொருளாக நம் முன் வந்து நிற்கிறது என்பது ஹைடெகர் 1927ல் வெளியிட்ட 'இருப்பும் காலமும்' நூலில் வரும் ஒரு புகழ்பெற்ற சிந்தனை. ஒரே நாளில் உடையும் சுத்தியலுக்கு அது சரி. ஐந்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் கீல் அப்படி வந்து நிற்பதில்லை. அது தேய்ந்த அளவுக்கு எங்கள் கை உயர்ந்துகொண்டே போனது. ஒரு கட்டத்தில் கீல் செய்ய வேண்டிய வேலையை எங்கள் தோள் செய்துகொண்டிருந்தது. அதற்குத்தான் நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

கொக்கியை இறக்குவது ஒப்பேற்றும் வேலை என்பது யாருக்கும் தெரியும். கோணலுக்கு ஏற்றபடி அளவையே மாற்றிவிடுகிறோம். தூக்கிச் சாத்துவதை நாம் அப்படிச் சொல்வதில்லை. அதற்குப் பொறுமை, அனுசரணை, விட்டுக்கொடுத்தல் என்று நல்ல பெயர்கள் வைத்திருக்கிறோம். எனக்கென்னவோ இரண்டாவதுதான் அதிக ஆபத்தானது என்று படுகிறது. கொக்கியை இறக்குகிறவனுக்குத் தான் ஒன்றை மறைக்கிறோம் என்றாவது தெரியும். தூக்கிச் சாத்துகிறவனுக்கு அதுவும் தெரியாது. அவன் தன்னை நல்லவன் என்று வேறு நினைத்துக்கொள்கிறான்.

பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தபோது வீட்டில் நடந்தவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா எப்போதோ மேசைக்கு மாறினார். மொட்டை மாடியில் படுத்தவர் திண்ணைக்கு வந்தார். அம்மா ஒன்றும் கேட்காமல் கட்டிலை எடுத்துப் போட்டாள். நான் கோயில் படிகளில் அவருக்காக மெதுவாக நடக்கப் பழகியிருந்தேன். எல்லாமே அன்புதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று பேரில் ஒருவர்கூட "முட்டி வலிக்குதா" என்று கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அனுசரித்தால் போதும் என்றால் செலவில்லை, சண்டையில்லை, ஆஸ்பத்திரியில்லை.

எல்லாவற்றுக்கும் புது பின் போட முடியாது என்பதும் உண்மை. சில மனிதர்களை, சில நோய்களை, சில துக்கங்களைக் கடைசிவரை தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கும். அது தோல்வியல்ல. கீலைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் முடியாது என்று தெரிந்து தூக்குவது ஒன்று. கீலைப் பார்க்காமல் இருப்பதற்காகவே தூக்குவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். செய்கிறவருக்கே வித்தியாசம் தெரியாமல் போகலாம், எனக்குத் தெரியாமல் போனது போல.

கொக்கியில் கை வைக்க வேண்டாம் என்றேன். ஜாக்கி மேல் மரக்கட்டை வைத்துக் கதவைத் தாங்கிக்கொண்டு, பின்னைத் தட்டி வெளியே எடுத்தார். நடுவில் இடுப்பு மாதிரி தேய்ந்திருந்தது. துளைகள் வட்டம் கெட்டு நீண்டிருந்தன. பையன் லேத் பட்டறைக்குப் போய்ப் பித்தளை புஷ் கடைந்து வாங்கிவர மத்தியானம் ஆகிவிட்டது. புஷ் அடித்து, புது பின் இறக்கி, கிரீஸ் வைத்து ஜாக்கியை எடுத்தார். கொக்கி இருந்த இடத்திலேயே இருக்க, கதவு ஒரு விரலால் தள்ளியதற்கே 'டக்'கென்று சாத்தியது.

அதோடு விடவில்லை. முன் தூணின் உள்பக்கம் ஒரு கைப்பிடியை வைத்துப் பற்றவைத்தார். "இதப் புடிச்சு எறங்கச் சொல்லு. பழையபடி கதவைப் புடிச்சா, இந்த புஷ்ஷும் தேஞ்சிரும்."

சாயங்காலம் அப்பா வண்டியில் ஏறி, பழக்கத்தில் கதவைத் தூக்கி அடித்தார். தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். அவரே பயந்துவிட்டார். பிறகு மெதுவாகத் திறந்து, மெதுவாகச் சாத்திப் பார்த்தார். மறுபடியும் திறந்தார்.

"முட்டி எத்தனை நாளாப்பா வலிக்குது?"

அவர் என்னைப் பார்க்காமல் புதுக் கைப்பிடியைப் பார்த்தார். "அது கெடக்குது. டோரு நல்லாப் பண்ணிட்டாப்ல."

"செவ்வாக்கிழமை டாக்டர்கிட்ட போலாம். டோக்கன் போட்டுட்டேன்."

"செவ்வா லோடு இருக்குதே."

"லோடுக்கு நான் போறேன்."

அவர் பதில் சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறங்கினார். இறங்கும்போது முகம் சுளித்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.