ஆக்குவோனும் ஆக்கப்படு பொருளும்

ஒரு பொருளை ஆக்குவோன் அதன்மீது முழு ஆணையுடையனோ, அன்றி அதன் இயல்பிற்கு இசைந்து நிற்கக் கடவனோ என்பது ஆராயற்பாலது. குடத்திற்கு மண் முதற்காரணமும், திகிரி துணைக்காரணமும், குயவன் நிமித்தகாரணமும் ஆதல்போல, அலமாரிக்கு மரமும் உளியும் தச்சனும் முறையே அவையாம். மரம் சடமாதலின் தச்சன் வேண்டியவாறே அதனை ஆளலாமெனின், அற்றன்று.

அறுத்து உலர்த்திய பின்னரும் மரம் காற்றின் ஈரத்தை ஏற்று விரியும், வறட்சியிற் சுருங்கும். அவ்வியக்கம் நாரோட்டத்தின் நெடுக்கில் மிகச் சிறிது; குறுக்கிற் பெரிது. இஃதறியாதான் அகன்ற பலகையைச் சட்டத்தொடு வச்சிரமிட்டு இறுக ஒட்டுவான். பருவம் மாற அது வெடிக்கும். அறிந்தோன் சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, பலகையை ஒட்டாது அதனுட் செருகி, அசைதற்கு இடம் விடுவான். பலகை நழுவாமைக்குச் சட்டமும், பிளவாமைக்கு அவ்விடைவெளியும் காவலாம்.

1920-இல் சைபீரியாவிற் பிறந்து, சுவீடனில் தொழில் கற்று, 1981 முதல் கலிபோர்னியாவில் அதனைப் பயிற்றி, 2009-இல் மறைந்த ஜேம்ஸ் கிரெனோவ் என்பார், நுணுகிய வரைபடமொன்றை முன்னரே வகுத்து மரத்தை அதற்கு அடக்குதலை விரும்பிலர். பலகைகளின் ரேகையையும் நிறத்தையும் நோக்கி நோக்கியே அலமாரியின் உருவை வகுத்தனர்.

அங்ஙனமாயின் தச்சனது தலைமை குன்றுமோ எனின், குன்றாது. மரம் தானே அலமாரியாகாது, கருத்து அவனதே. இயல்பறிந்து ஆளுதலே ஆட்சி. அறியாது இறுக்குதல் வலிமைபோலத் தோன்றும் பேதைமை. அறிவில்லாப் பலகைக்கே இத்துணை இடம் வேண்டுமாயின், அறிவுடைய மாணாக்கரையும் மக்களையும் நடத்துவோர் எத்துணை இடம் விடற்பாலர்! சட்டமின்றி விடுதலும் பிழை. வச்சிரமிட்டு இறுக்குதலும் பிழை. இரண்டற்கும் இடமறிந்து செய்தலே ஆக்குவோன் கடனென்க.