மரபும் மகளின் உடலும்

பாரிஸ் உணவகக் குசினிகளில் எங்களோடு கோப்பை கழுவுபவர்களில் மாலி, செனகல் நாட்டவர் பலர். அவர்கள் பேச்சு வந்தால், "பெண் குழந்தைகளை வெட்டுகிற காட்டுமிராண்டிகள்" என்று எம்மவர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

1999இல் பாரிஸ் நீதிமன்றமொன்று, 48 சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டிய பெண்ணுக்கு 8 ஆண்டுச் சிறை விதித்தது. பிள்ளைகளை அவரிடம் கொண்டுபோன பெற்றோரும் தண்டிக்கப்பட்டார்கள். இப்படிச் செய்யும் பெற்றோர் அன்பில்லாதவர்களல்லர். வெட்டாவிட்டால் மகளை யாரும் மணம் முடிக்க மாட்டார்கள், அசுத்தமானவளென்று ஒதுக்குவார்கள் என்று பயப்படுகிறார்கள். மார்க்கக் கட்டளையென்றும் பலர் நம்புகிறார்கள். குர்ஆனில் அப்படியொரு வசனமில்லை. எகிப்து, எதியோப்பியக் கிறிஸ்தவர்களிடமும் இவ்வழக்கம் உண்டு.

அன்போடு செய்தால் நியாயமாகிவிடுமா? பெற்றோரின் பயத்துக்கு விலை கொடுப்பது, மறுத்துச் சொல்ல வாயில்லாத குழந்தையின் உடல். அந்த உடலின் மேல் மரபுக்கு உரிமையில்லை.

ஆனால் சிறை மட்டும் பயத்தைப் போக்காது. செனகலின் மலிகுண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள் 1997இல், இனி வெட்டமாட்டோமெனக் கூடிப் பகிரங்கமாக அறிவித்தார்கள். ஒரு தாய் தனியே மறுத்தால் மகள் ஒதுக்கப்படுவாள். ஊரே மறுத்தால் ஒதுக்க யாருமில்லை.

தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் பெண் கத்னா உண்டு. மருத்துவர்கள் அதைச் செய்யக்கூடாதென 2018இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது.

'சனம் என்ன சொல்லும்' என்று இங்கேயும் சாதி பார்த்து, சீதனம் கொடுத்து மகளைக் கட்டிக்கொடுக்கும் எங்களுக்கு அந்தப் பெற்றோரின் பயம் புதிதல்ல. அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்பதும், அது அவர்கள் பண்பாடென்று விலகிக்கொள்வதும் ஒன்றுதான். இரண்டிலும் அந்தச் சிறுமியை யாரும் கேட்பதில்லை.